பெட்டிக்கு முன்பாரம்: வாசகர் கேள்விகளுக்கு வட்டக்கச்சியிலிருந்து பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நானும் மனிசியும் யூலையில் மகனிடம் போயிருந்தபோது, அவன் வாகனத்துக்குப் பின்னால் ஒரு படுக்கைப் பெட்டியை, அதாவது கட்டிலும் அடுப்பும் உள்ள ரெயிலரைக் கொழுவி, ரொறன்ரோவிலிருந்து தண்டர் பே வரை போய்த் திரும்பினோம் என்று. போக மட்டும் 1400 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் நீளமே 430 சொச்சம்தான். வழக்கமாக இந்தப் பகுதிக்குக் கிளச் தட்டு, டீசல் பம்ப், உழவுச் சில்லு என்றுதான் கடிதம் வரும். இந்த மாதம் வந்ததெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றி. சரி, மிசின்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

அந்தப் படுக்கைப் பெட்டி எப்படி இருக்கும்? எங்கள் உழவு மிசின் பெட்டிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், விசுவமடு

வெளியே நின்று பார்த்தால் எஞ்சின் கழற்றிய ஐஸ்கிறீம் வான் மாதிரி. நாங்கள் கொண்டு போனது 22 அடி நீளம். உள்ளே முன்பக்கம் ஒரு கட்டில். நடுவில் மேசை, அதை இறக்கிப் பலகை போட்டால் இன்னொரு கட்டில். காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, எங்கள் வீட்டில் அரிசி களைகிற அரிக்கன் சட்டியை விடச் சின்னதாக ஒரு கழுவுதொட்டி. பின்மூலையில் அலுமாரி அளவில் ஒரு அறை, அதற்குள்தான் குளிப்பும் மற்றதும். தரைக்கு அடியில் மூன்று தாங்கி: நல்ல தண்ணிக்கு ஒன்று, கழுவின தண்ணிக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று.

எனக்கு உள்ளே இருந்ததை விடக் கீழே இருந்ததைப் பார்க்கத்தான் ஆசை. போன அன்றே சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்கடியில் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று ஓடி வந்தார்.

எங்கள் பெட்டியில் துளைக்குள் ஒரு பின்னைப் போட்டுக் கொழுவுகிறோம். அங்கே வாகனத்தின் பின்னால் ஓர் இரும்பு உருண்டை, பெட்டியின் மூக்கில் அதைக் கவ்வுகிற கிண்ணம். அதற்குக் கீழே இரண்டு சங்கிலி, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போட்டிருக்கும். ஏன் குறுக்கே என்று மகனைக் கேட்டேன், தெரியாது என்றான். பிறகு நானே யோசித்துப் பிடித்தேன்: கொழுக்கி கழன்றால் மூக்கு தெருவில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் வந்து விழும். எவ்வளவு மலிவான வேலை! எங்கள் பெட்டிகளில் ஒன்றில்கூட நான் இதைக் கண்டதில்லை.

மற்றது பிரேக். எங்கள் பெட்டிக்குப் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது, மிசின் நின்றால் பெட்டி பின்னாலிருந்து இடித்துக்கொண்டு வரும். படுக்கைப் பெட்டியின் சில்லுகளிலோ மின்சாரத்தில் பிடிக்கிற பிரேக் இருந்தது. ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு நெம்பு. அந்த நெம்பின் அருமை அடுத்த கேள்வியில் தெரியும்.

சங்குப்பிட்டிப் பாலத்தால் லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மிசின்) வைக்கோல் ஏற்றிக்கொண்டு போகும்போது பெட்டி ஆடுகிறது. சோளகக் காற்றில் ஒருநாள் கவிழ்ந்துவிடும் போல் இருந்தது. கனடாவில் அவ்வளவு பெரிய பெட்டி ஆடவில்லையா?
– வாசகர், முழங்காவில்

ஆடியது. இரண்டாம் நாள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது.

சட்பரி தாண்டி மேற்கே போய்க்கொண்டிருக்கிறோம். தெரு நல்லது, இரண்டு பக்கமும் காடு, மகன் 95இல் ஓடுகிறான். பின்னால் வந்த நீளமான லொறி ஒன்று முந்தியது. பெரிய லொறி முந்தும்போது அதன் முகத்துக் காற்று முதலில் எங்களை வெளியே தள்ளும், உடம்பு கடந்து போகும்போது தன் பக்கம் இழுக்கும். தள்ளி இழுத்ததில் பெட்டி வாலாட்டத் தொடங்கியது. நான் பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன், பெட்டியின் பின்மூலை ஒருதரம் தெருவோரத்துக்குப் போகிறது, ஒருதரம் நடுக்கோட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரிது. மகனின் கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக் பிடியாதை! காலை எடு! ஸ்ரேறிங்கை நேராப் பிடி!" என்று கத்திக்கொண்டே அந்தச் சின்ன நெம்பைக் காட்டினேன். அவன் அதை இரண்டு விரலால் அழுத்தினான். பெட்டியின் பிரேக் மட்டும் பிடித்தது, பெட்டி பின்னுக்கு இழுபட்டுக் கயிறு போல நேரானது. மனிசி பின் ஆசனத்தில் முறிகண்டியானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. முறிகண்டிப் பிள்ளையார் ஏ9 தெருவுக்குத்தானே பொறுப்பு, இவ்வளவு தூரம் வருவாரோ என்று நான் பிறகு கேட்டதற்கு அன்று எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

வாகனம் தானே பிரேக் பிடித்தால் என்ன நடக்கும்? இழுப்பது நிற்கப் பார்க்கும், பின்னால் வருவது நிற்காது. பெட்டி முன்னுக்குத் தள்ளிக் குறுக்கே மடிந்துவிடும். இது நெல்லு மூட்டை ஏற்றிய பெட்டிக்கும் பொருந்தும், அந்த மினுக்கின பெட்டிக்கும் பொருந்தும்.

ஓரங்கட்டி நிறுத்தி, ஏன் ஆடியது என்று பெட்டியைத் திறந்து பார்த்தோம். விசயம் அங்கேதான் கிடந்தது. பின்பக்கத்து அலுமாரிக்குள் மனிசி 20 கிலோ அரிசி மூட்டை வைத்திருக்கிறா. பக்கத்தில் மா, தேங்காய், அம்மி வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் ஓர் இடிகல்லு. பின் பம்பரில் மகன் விறகுக் கட்டு கட்டியிருக்கிறான், தண்ணிக் கலன் வேறு. எல்லாம் அக்சிலுக்குப் பின்னால். பெட்டி என்பது சில்லில் வைத்த தராசு. பின்னால் கனத்தால் முன் மூக்கு எழும்பும், மூக்கு எழும்பினால் வாலாட்டும். பெட்டியின் முழுப் பாரத்தில் 100க்கு 10 முதல் 15 பங்கு கொழுக்கியில் குந்தவேண்டும். 2000 கிலோ பெட்டி என்றால் 200 முதல் 300 கிலோ வரை. அரிசியையும் இடிகல்லையும் முன் கட்டிலுக்கு அடியில் மாற்றினோம். விறகைத் தெருவோரத்தில் போட்டுவிட்டோம். பிறகு 1000 கிலோமீற்றர் ஓடியும் ஆடவில்லை.

இனி உங்கள் லான்ட்மாஸ்டருக்கு வருகிறேன். வைக்கோல் பாரமில்லை, ஆனால் பாய்மரம். சோளகம் தென்மேற்கால் கடல்நீரேரி மேல் தடையில்லாமல் வந்து பக்கப்பாட்டில் அடிக்கிறது. உயரத்தைக் குறையுங்கள், இரண்டு நடை என்றாலும் பரவாயில்லை. கட்டுகளைப் பெட்டியின் முன்பலகையோடு இறுக்கி அடுக்குங்கள், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் முன்பாரமும் அளவோடு. கூடினால் கைபிடி திருப்ப முடியாமல் கனக்கும். காற்று எழும்ப முன், விடியப்புறம் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.

இன்னொன்று. பாலத்தின் இறக்கத்திலும் குளக்கட்டு இறக்கத்திலும் லான்ட்மாஸ்டர் எதிர்ப்பக்கம் திரும்பும், இது பழைய ஓட்டிகளுக்குத் தெரியும், புதுப் பெடியளுக்குத் தெரியாது. சமதரையில் இடது கைபிடியின் கிளச்சை அழுத்தினால் இடச்சில்லுக்கு எஞ்சின் வேலை நிற்கும், வலச்சில்லு தள்ளும், மிசின் இடப்பக்கம் போகும். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது கதை மாறுகிறது. கிளச் அழுத்திய இடச்சில்லு கட்டவிழ்ந்து வேகமாக ஓடும், வலச்சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். மிசின் வலப்பக்கம் போய்விடும். இரணைமடுக் கட்டில் என் கண்முன்னே ஒரு பெடியன் இப்படித்தான் வாய்க்காலுக்குள் இறங்கினான். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், சின்னக் கியரில், கைபிடியைத் தோளால் தள்ளித் திருப்புங்கள்.

நான் 10ஆம் வகுப்பு. அப்பா ட்ரக்டரை ரிவேர்ஸ் எடுக்கும்போது பெட்டி ஏன் மறுபக்கம் போகிறது?
– மாணவி, துணுக்காய்

நல்ல கேள்வி பிள்ளை. ஒரு அடிமட்டத்தை மேசையில் வைத்து, நடுவில் விரலால் அழுத்திப் பிடி. ஒரு நுனியை வலப்பக்கம் தள்ளு. மற்ற நுனி இடப்பக்கம் போகும். நடுவில் இருக்கிற விரல்தான் பெட்டியின் சில்லு. ட்ரக்டரின் பின்புறம் மூக்கை வலப்பக்கம் தள்ளினால் பெட்டியின் வால் இடப்பக்கம் போகும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு வித்தை சொல்லு. ஸ்ரேறிங்கின் மேலே பிடிக்காமல் அடியில் ஒரு கையால் பிடிக்கச் சொல். வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் சரி, மூளை குழம்பாது. கனடாவில் ஒரு முகாமில் மகன் பெட்டியை இரண்டு மரங்களுக்கு நடுவில் விட முக்கால் மணித்தியாலம் பாடுபட்டான். சுற்றவரப் பெட்டிக்காரர் எல்லோரும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தார்கள், அங்கே அதுதான் பின்னேரப் பொழுதுபோக்காம். "கையைக் கீழை பிடி, என்ரை கையைப் பார்" என்று பின்னால் நின்று காட்டினேன். ஒரே எடுப்பில் போய் நின்றது. கை தட்டினார்கள். முப்பத்தைந்து வருடம் இந்த வட்டாரத்தில் மிசின் ஓட்டி எனக்குக் கை தட்டினது ஒருவருமில்லை.

கேட்க வெட்கமாக இருக்கிறது. பெட்டிக்குள் கக்கூசு என்றால் அது எங்கே போகும்? சமையல் எப்படி?
– வாசகி, வவுனியா

வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் முதல்நாளே கேட்ட கேள்வி. அடியிலிருக்கும் தாங்கிக்குள் சேரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் அதற்கென்று இருக்கும் இடத்தில் நிறுத்தி, தடித்த குழாயை மாட்டி, வால்வைத் திறந்து நிலக்குழிக்குள் விடவேண்டும். முதலில் கக்கூசுத் தாங்கி, பிறகு கழுவின தண்ணி. இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது, பின்னுக்கு வரும் சவர்க்காரத் தண்ணிதான் குழாயைக் கழுவும். மகன் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்ற கோலத்தை மனிசி கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறா. அவன் ஊரில் படிக்கும்போது கோழிக்கூடு கழுவச் சொன்னால் காய்ச்சல் என்று படுக்கிறவன்.

முகாமில் நிற்கிற நாளெல்லாம் கக்கூசு வால்வைத் திறந்தே விட்டால் என்ன என்று சோம்பேறித்தனமாக யோசிக்கத் தோன்றும். தண்ணி ஓடிவிடும், மற்றது உள்ளே குவிந்து காய்ந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

சமையல் பற்றிச் சொல்வதானால், ஓடும்போது காஸ் போத்தலின் வாயை மூடிவிட வேண்டும். இதில் இரண்டு பேச்சில்லை. காலையில் இடியப்பம் கிடையாது, பாண்தான். மத்தியானம் நின்ற இடத்தில் சோறும் பருப்பும். சுப்பீரியர் ஏரிக்கரைக் காட்டில் நின்றபோது மனிசி ஊரிலிருந்து கொண்டு வந்த கட்டாக் கருவாட்டை வெளியே அடுப்பு வைத்துப் பொரித்தா. கால் மணித்தியாலத்தில் காட்டு அதிகாரி ஒரு பிள்ளை வந்து, சிரித்த முகத்தோடு, சட்டியைக் கழுவி உள்ளே வையுங்கள், சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் வெளியே கிடக்கக் கூடாது, இங்கே கரடி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனா. மனிசி கொஞ்சமும் அசையவில்லை. "எங்கடை காட்டிலை இல்லாத கரடியே?" என்றா. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய் வந்த வன்னியாளுக்குக் கரடிப் பாடம் எடுப்பதா? ஆனால் சட்டியைக் கழுவி உள்ளே வைத்தா.

நுளம்பு அங்கேயும் உண்டு. எங்கள் நுளம்பு பாடிவிட்டுக் கடிக்கும், அங்கே பாட்டே இல்லை. பின்னேரம் என்பதும் குழப்பம். தண்டர் பேயில் யூலையில் சூரியன் படுக்க இரவு 10 மணி. விளக்கு வைக்கிற நேரம் எது என்று மனிசி ஒவ்வொரு நாளும் மகனோடு வாக்குவாதம்.

புது ரயர் மாதிரித்தான் இருந்தது, பூ (தரையில் படும் வரிகள்) எல்லாம் அப்படியே இருந்தது. வெடித்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், செட்டிகுளம்

பூவைப் பார்த்து ரயர் வாங்காதீர்கள். எங்கள் பெட்டியின் ரயரும் தண்டர் பேக்கு 100 கிலோமீற்றர் இருக்கும்போது அப்படித்தான் வெடித்தது, பூ அரைவாசிகூடத் தேயவில்லை. பெட்டி ரயர் ஓடித் தேய்ந்து சாவதில்லை, நின்று வெயிலில் காய்ந்து சாகிறது. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. வாங்க முன் அதைத் தேடி வாசியுங்கள். பக்கச் சுவரில் மயிர்வெடிப்பு இருந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

மகனிடம் இருந்த ஜக் காருக்குரியது, பெட்டியைத் தூக்காது. தெருவுதவிக்கு அடித்தால் மூன்று மணித்தியாலமாகும் என்றார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கத்தில் இரண்டு சில்லு, முன்பின்னாக. நான் கட்டிலின் அடிப்பலகை இரண்டைக் கழற்றி, நல்ல சில்லுக்கு முன்னால் அடுக்கி, "மெதுவா ஏத்து" என்றேன். நல்ல சில்லு பலகையில் ஏற, வெடித்த சில்லு தானே நிலத்தை விட்டு எழும்பியது. உழவுக் காலத்தில் வயலுக்குள் ஜக் தேடி யார் ஓடுவது? 20 நிமிடத்தில் மாற்றிவிட்டோம். இந்தப் பயணத்தில் மகன் என்னைப் பார்த்த பார்வை அன்றுதான் கொஞ்சம் மாறினது.

ஆவணியில் மடு மாதா கோவில் திருவிழாவுக்கு உழவு மிசின் பெட்டியில் குடும்பமாகப் போய்த் தங்க நினைக்கிறோம். என்ன ஆயத்தம் செய்யவேண்டும்?
– வாசகர், மாங்குளம்

15ஆம் திகதித் திருவிழாவுக்கு ஒரு கிழமை முந்தியே போய்விடுங்கள், நல்ல மரநிழல் கிடைக்கும். என் தகப்பன் காலத்தில் மாட்டுவண்டியில் போவார்கள், வண்டிதான் வீடு. நாங்கள் சைவக்காரர், என்றாலும் மடுவுக்குப் போகாத ஆண்டு குறைவு.

பெட்டியில் சாமானை ஏற்றுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள். தாய் பிள்ளைகள் பஸ்ஸில் வரட்டும். மாங்குளத்திலிருந்து பாலம்பிட்டிப் பக்கத்தால் காட்டுவழி கிட்ட என்று ஆசை வரும். பொழுதுபட யானை வரும் வழி, பெட்டியோடு திருப்பவும் முடியாது. ஏ9ஆல் வவுனியா, அங்கிருந்து பறயனாலங்குளம், பிறகு மடுச்சந்தி என்று நல்ல தெருவால் போங்கள். சுற்றுத்தான், ஆனால் வழியில் கடை இருக்கிறது, கராஜ் இருக்கிறது.

கிளம்ப முதல்நாள் சில்லுக்குடங்களைத் திறந்து பெயறிங்குக்குப் புதுக் கிறீஸ் போடுங்கள். ஓமந்தையில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது ஒவ்வொரு குடத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு என்றால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே போகாதீர்கள். தறப்பாள் இரண்டு கொண்டு போங்கள். ஒன்றைப் பெட்டிக்கு மேலே, மற்றதை அதற்கு ஒரு முழம் உயர்த்தி. நடுவில் காற்று ஓடினால்தான் மத்தியான வெக்கை தாங்கும்.

தம்பி, பெட்டிக்குள்ளே படுத்து எழும்ப மனிசர் காசு கொடுத்துப் போவார்களா? நாங்கள் 2009இல் படுத்தது போதாதா?
– வயதான வாசகி, புதுக்குடியிருப்பு

அக்கா, உங்கள் கடிதத்தை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "என்ரை பேரிலையும் ஒரு பதில் போடுங்கோ" என்றா. அதனால் இது இரண்டு பேருடைய பதில்.

நாங்கள் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டபோது பெட்டியில் நெல்லு 12 மூட்டை, தையல் மிசின், கூரைத் தகரம், கதவு இரண்டு, நிலை ஒன்று. தர்மபுரத்தில் கதவுகளை விட்டோம். விசுவமடுவில் நிலை. தேவிபுரத்தில் நெல்லில் பாதி கொடுத்தோம், பாதி தின்றோம். ஒவ்வோரிடத்திலும் பெட்டிக்குக் கீழே பங்கர் வெட்டி, மேலே தறப்பாள் இழுத்து, பிள்ளைகளை உள்ளே படுக்க வைத்தோம். இரணைப்பாலையில் டீசல் முடிந்தது. பெட்டியைக் கழற்றி விட்டபோது கொழுக்கிப் பின்னை மட்டும் உருவி மடியில் கட்டிக்கொண்டேன், என்ன நினைப்பில் என்று இப்போதும் தெரியாது. வட்டுவாகல் வரை அது மடியில் இருந்தது. பிறகு இல்லை.

கனடாவில் முதல் இரவு சட்பரிக்குப் பக்கத்தில் தங்கினோம். மகன் பெட்டியைக் கழற்றிவிட்டு வாகனத்தில் போய்ப் பால் வாங்கி வரலாம் என்று கொழுக்கியில் கை வைத்தான். "கழட்டாதை தம்பி. கொழுவினபடியே இருக்கட்டும்" என்றா மனிசி. அவனுக்கு விளங்கவில்லை. 2009இல் அவனுக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பங்கர் மண்ணில் கார் ஓட்டினது மட்டும் ஞாபகம். பால் இல்லாமல் வெறும் தேத்தண்ணி குடித்தோம். இரவு எழும்பிப் பார்க்கிறேன், கட்டிலில் இருக்கிறா. மடியில் கடவுச்சீட்டுகள் இருந்த பை. வாசலில் எங்கள் மூன்று பேரின் செருப்பும், நுனி வெளிப்பக்கம் பார்க்க, வரிசையாக.

மூன்று இரவு மகன் பெட்டியைக் கழற்றவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் பெட்டியையும் இழுத்துக்கொண்டே கடைக்குப் போனோம், ஒரு கடைத் தரிப்பிடத்தில் நாலு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றோம்.

நாலாம் இரவு ஏரிக்கரையில் மழை. சின்ன மழையில்லை, விடிய விடிய. தகரக் கூரையில் நெல்லுக் கொட்டுகிற சத்தம். எனக்கும் நித்திரை இல்லை, ஆனால் நான் பேசவில்லை. விடியக் கண் திறந்தால், மனிசி கட்டிலில் ஏறி நின்று, கூரை மூலைகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்க்கிறா. நாலு மூலையும் தடவி முடிந்தது. "ஒழுகேல்லை" என்றா. பிறகு கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டு, "தம்பி, கழட்டிப் போட்டுப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வா" என்றா.

அன்று பகல் முழுக்க நித்திரை கொண்டா அக்கா. காசு கொடுத்துப் போவார்களா என்று கேட்டீர்கள். நாங்கள் போனோம்.

பெற்றோல் செலவு எவ்வளவு?
– வாசகர், கிளிநொச்சி

பெட்டி இல்லாமல் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் குடித்த வாகனம், பெட்டியோடு 20க்கு மேல் குடித்தது. எதிர்க்காற்று என்றால் இன்னும். மிச்சக் கணக்கு மகனுடையது, நான் கேட்கவில்லை.

அண்ணை, நான் வெல்டிங் வேலை செய்கிறேன். இங்கே அப்படி ஒரு படுக்கைப் பெட்டி செய்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டால் ஓடுமா?
– வாசகர், பரந்தன்

ஓடும் தம்பி, ஆனால் கனடாப் பெட்டியைப் பார்த்து அப்படியே செய்யாதே. அது குளிருக்குச் செய்தது. நீ தகரத்தால் மூடிக் கொடுத்தால் சித்திரையில் உள்ளே ஆட்கள் அவிந்துவிடுவார்கள். கூரை இரண்டு தட்டு, நடுவில் நாலு விரல் இடைவெளி. பக்கங்களில் பாதிக்கு நுளம்பு வலை, மழைக்கு இறக்க மடிப்பு. மேலே கிடுகு போட்டால் பொலிசுக்காரர் மறித்துச் சிரிப்பார்கள், ஆனால் அதைப் போல் குளிர்ச்சி வேறில்லை. வெல்டிங் தொடங்க முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய் என்ன அளவு, என்ன பதிவு என்று கேட்டுக்கொள். பெட்டிக்கும் தனி இலக்கம் வேண்டும். செய்துவிட்டுக் கேட்கப் போனால் வெட்டத்தான் வேண்டிவரும்.

தாங்கி, கக்கூசு எல்லாம் முதல் பெட்டியில் வேண்டாம். அதைக் கொட்டுவதற்கு எங்களிடம் இன்னும் இடமில்லை. கோயில் மடம், தெரிந்தவர் வளவு என்று கிணறும் கக்கூசும் இருக்கிற இடங்களைப் பேசி வை. இரணைமடுப் பக்கம் ஒன்று, கட்டுக்கரைக்குளத்துப் பக்கம் ஒன்று, நாயாற்றுப் பக்கம் ஒன்று போதும். தெரியாத காட்டுவெளியில் நிறுத்த விடாதே, மிதிவெடிக்கு மண்டையோட்டுப் பலகை இருந்த காணிகளை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

அக்சிலை நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் போடு. கனமான அலுமாரி எல்லாம் முன்னால். குறுக்குச் சங்கிலி கட்டாயம். முடிந்ததும் வட்டக்கச்சிக்கு இழுத்துக்கொண்டு வா, கொழுக்கிப் பாரத்தை நான் பார்க்கிறேன். கூரையை மனிசி பார்ப்பா. மேலே தண்ணி அடித்துப் பார்க்க எங்கள் கிணற்றில் மோட்டர் இருக்கிறது.